இலையை எண்ணுவதும் கூடையை நிறுப்பதும்



மடுல்கெல்லப் பகுதியின் மலைச்சரிவுகளில் இன்று நாம் காண்பது தேயிலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வளர்ந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர்த்தொழில் வீழ்ந்தது. வேலையிழந்த தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்பார், அந்நோயின் வித்திகளைக் காற்று சுமந்து செல்வதை விளக்கினார்.

காற்றில் வரும் வித்தி இலையிலும் விழலாம். மண்ணில் விழுந்து மடியவும் கூடும். ஆதலின், நோய் தொடங்கும் வேளையில் தற்செயலே ஆட்சி செய்கின்றது. ஒரே தோட்டத்தில் ஒருமுறை நோய் தானே அவிந்துவிடும். மறுமுறை மலை முழுவதையும் பற்றிக்கொள்ளும். சராசரிக் கணக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. நூற்றுக்கு எத்தனை முறை பரவும் என்றறிய, அந்நிகழ்ச்சியைக் கணினியில் பல்லாயிரம் முறை நடத்திப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய கணிப்புக்கு ஒரு வழியை, வேதித் தாக்கங்களைக் கருதி, 1976, 1977ஆம் ஆண்டுகளில் வகுத்தவர் அமெரிக்கரான டேனியல் கில்லெஸ்பி. அடுத்த நிகழ்ச்சி எப்போது நிகழும், அது யாது என்னும் இரு வினாக்களுக்கும் எழுமாற்று எண்களால் விடை கண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியாக அம்முறை முன்னேறும். அது செம்மையானது, எனினும் இலைகள் கோடிக்கணக்கில் பெருகும்போது மிக நீண்ட நேரத்தை விழுங்கிவிடும்.

இச்சுமையை எவ்வாறு குறைப்பது? ஓர் இலை நோயுற்றால் அதன் அருகிலுள்ளவற்றின் நிலையே மாறும். தொலைவிலுள்ள மரத்தின் கணக்கை மீண்டும் போடவேண்டியதில்லை. மாறியவற்றை மட்டும் திருத்தும் இவ்வழியைக் கிப்சன், புரூக் என்போர் 2000இல் வெளியிட்டனர். 2001இல் கில்லெஸ்பியே மற்றொரு வழி கூறினார். ஒரு சிறு கால இடைவெளியில் எத்தனை நிகழ்ச்சிகள் நிகழும் என்பதை நிகழ்தகவு விதியால் மொத்தமாகக் கணித்து, ஒரே தாவலில் கடப்பது அது.

தவறணையில் நாற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றோம். பறித்த கொழுந்தையோ கூடையோடு நிறுக்கின்றோம். அதுபோல், எண்ணிக்கை மிகுந்தவிடத்துத் தாவலாம், அருகியவிடத்துத் தாவலாகாது. பத்து இலைகளே எஞ்சியிருக்கப் பன்னிரண்டு இலைகள் நோயுற்றன என்று கணக்குக் காட்டும் பிழை அங்கேதான் நேரும்.

நோய் தென்பட்ட சில மரங்களை இன்றே அகற்றுவதா, பொறுத்திருப்பதா என்பதைக் காலந்தாழ்ந்து வரும் விடையால் தீர்மானிக்க இயலாது. விரைந்து வரும் பிழையான விடையாலும் இயலாது. எங்கே எண்ணவேண்டும், எங்கே நிறுக்கலாம் என்றறிவதே இக்கணிப்பின் திறன்.