வெட்டுப் பலகை வளைந்தால் என்ன செய்வது?

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நம்ம குசினியில் மரக்கறி வெட்டுற பலகையைப் பற்றிப் பேசப் போறேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்காதீங்க. வளைந்த பலகை ஆடும். ஆடினால் கத்தி வழுக்கும். விரலில் வெட்டுப்பட்டால் கொழுந்து எடுக்க முடியாது. அன்றைய பேர் போய்விடும்.

பலகை ஏன் வளையுது? மழைக்காலத்தில் கதவு இறுகிப் போறதைப் பார்த்திருப்பீங்க. மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாம் பலகையைக் கழுவி ஈரச் சீமெந்தில் படுக்கப் போடுறோம். அடிப்பக்கம் உப்புது, மேற்பக்கம் காயுது. அதனால் இரண்டு ஓரமும் மேலே தூக்கி, நடு குழியாகுது.

வளைந்த பலகையை அடுப்பில் வைத்துவிட வேண்டாம். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, சமமான இடத்தில் விரியுங்க. குழிந்த பக்கம் துணியில் இருக்கும்படி பலகையைக் கவிழ்த்து, மேலே தண்ணீர் வாளி ஒன்றைப் பாரமாக வையுங்க. இரவு முழுக்க இருக்கட்டும். குழிந்த பக்கம் ஈரம் குடித்து உப்பும்போது பலகை நிமிரும். பிறகு நிமிர்த்தி நிறுத்தி, நிழலில் காய விடுங்க. வெயிலும் அடுப்புச் சூடும் ஆகாது. அப்படியும் நிமிராவிட்டால் தச்சரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் சீவ வேண்டும். ஆழமாக வெடித்த பலகை மட்டும் வேண்டாம். வெடிப்பில் அழுக்குத் தங்கும்.

பலகை செய்து விற்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை மரத்தில் செய்யாதீங்க. 1 அங்குலக் கனமுள்ள பலகை காய ஏறக்குறைய 1 வருடம் என்பது தச்சர் கணக்கு. நம்ம மலைக் குளிரில் இன்னும் கூடலாம். பலகைகளுக்கு இடையில் சட்டம் வைத்து, காற்றுப் போகிற மாதிரி அடுக்குங்க. அகலமான ஒரே பலகையை விட, ஒடுக்கமான துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் வளைவு குறையும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்குவிட் பரஃபின் எண்ணெயை இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பூசுங்க. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் ஈரம் குடித்து, பலகை திரும்பவும் வளையும். வளைந்த பலகையை வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார்.

தாய்மாரே, இரவுச் சமையல் முடிந்ததும் பலகையின் இரண்டு பக்கமும் கழுவித் துடைத்து, சுவரோரம் நிறுத்தி வையுங்க. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.