கறளும் வர்ணமும்

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே, புகையிரதப் பாதையைத் தாங்கி நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் அமைந்த அப்பாலத்தில் உருக்கு இல்லை. ஆதலின் நூறாண்டு மழையில் நனைந்தும் அதற்குக் கறள் என்னும் கவலை இல்லை. அதே மலைச்சாரலில் ஏறியிறங்கும் பழைய மோட்டார் வண்டிகளுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை.

துரு எனவும் கறள் எனவும் வழங்கும் இந்நோய், இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடுமிடத்தில் பிறக்கிறது. இம்மூன்றையும் ஒன்றுசேராமற் பிரித்து வைப்பதே வர்ணத்தின் முதற் கடமை. அழகு அதற்குப் பிற்பட்டது. ஊவா மலைகளில் வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் இரும்பை உலரவிடுவதில்லை. தோட்டத்து லொறிக்கு வேறொரு தொல்லையும் உண்டு. தேயிலைக்கு இடப்படும் அமோனியம் சல்பேற்று, பொற்றாசியம் குளோரைட்டு முதலிய உரங்கள் மூட்டையிலிருந்து சிந்திப் பலகை இடுக்குகளில் தங்கிவிடுகின்றன. அவ்வுப்புகள் ஈரத்திற் கரைந்து நீரின் மின்கடத்தும் ஆற்றலைப் பெருக்க, கறள் விரைந்து பரவுகிறது.

2020ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. எனவே, பழைய வண்டிக்கு வர்ணம் பூசுவது எவ்வாறு என்பது பலருடைய பணத்தையும் உயிரையும் பற்றிய வினாவாகும்.

கறளின்மீதே வர்ணத்தைப் பூசிவிடுவது எளிது. ஆனால் கறள், நுண்துளைகள் நிறைந்த பொருள். ஈரத்தைத் தன்னுள் வைத்திருப்பது. தான் தின்ற இரும்பினும் மிகுதியான இடத்தை அடைப்பது. ஆகவே அது உள்ளிருந்து பொருமி, புதிய பூச்சைக் கொப்புளமாக எழுப்பிப் பெயர்த்துவிடும்.

முறையாகச் செய்வோர் முதலில் சேற்றையும் உப்பையும் நன்னீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவர். பின்னர் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்ற உலோகம் தோன்றும்வரை தேய்ப்பர். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலின், மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் காத்து, ஈரத்துடன் தேய்த்து, சிறுவரை அப்பால் வைத்தல் வேண்டும். குழிகளில் எஞ்சும் கறளைப் பொசுபோரிக்கமிலம் கலந்த மருந்து மாற்றிவிடும். அதன்பின் தாமதமின்றித் துத்தநாகம் சேர்ந்த முதற்பூச்சும், அது காய்ந்தபின் மெல்லிய படைகளாக மேற்பூச்சும் இடுவர். மட்கார்டின் உட்புறம், கதவின் கீழ்விளிம்பு, தகடுகள் இணையும் மூட்டு ஆகிய கண்ணுக்கு மறைந்த இடங்களே முதற் கவனத்துக்குரியவை.

ஸ்கொத்லாந்தில் 1890ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்த் புகையிரதப் பாலம் இதற்கு நல்ல சான்று. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர்ணம் பூசி முடிப்பதற்குள் மீண்டும் தொடங்க வேண்டும் என்பது அதைப்பற்றி எழுந்த பழமொழி. பின்னர் பழைய படைகளையெல்லாம் உலோகம் தெரியும்வரை நீக்கி, மூன்று படைகளாகப் புதுப்பூச்சு இடப்பட்டது. அவ்வேலை 2011ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அப்பூச்சு இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கும் என்பது பொறியியலாளரின் மதிப்பீடு. புதிய வர்ணத்தின் தரத்தோடு, பழையதை முற்றாக அகற்றிய உழைப்பும் அதற்குக் காரணமாகும்.

எனினும் வர்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தின்னப்பட்ட இரும்பின் வலிமையை எந்தப் பூச்சும் மீட்டுத் தராது. அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஒலி எழாமல் மந்தமான ஒலி எழுந்தாலோ, தகடு உள்வாங்கினாலோ, அங்கே வேண்டுவது தூரிகையன்று. டிங்கர் வேலை அறிந்தவரின் வெட்டும் ஒட்டுமே. கறளால் மெலிந்த பிரேக் குழாயை மாற்றியே ஆகவேண்டும். இறக்கத்தில் மிதியை வலிந்து அழுத்தும் கணத்திலேதான் குழாயினுள் அழுத்தம் மிகும். மெலிந்த குழாய் வெடிப்பதும் அப்போதே.

ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மேலே பளபளப்பாக வர்ணம் பூசி விற்பவருமுண்டு; அப்பளபளப்பை நம்பி வாங்குபவருமுண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு ஏறிச்செல்லும் வண்டியின் புறத்தோற்றத்தைப் பாராட்டுமுன், அதன் அடிப்புறத்தைக் குனிந்து பார்ப்பதே பெரியோர் கடமையாகும். காப்பதற்கென்று வந்த வர்ணம் மறைப்பதற்குக் கருவியாகலாகாது.