பெருங்குடல் பரிசோதனையும் கம்ப்யூட்டர் கண்ணும்

(பாண்டுப் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. ரிடையரான பேங்க் ஊழியன். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லவே வந்தேன்.

என் அண்ணாவுக்கு மாதக்கணக்கில் மலத்தில் ரத்தம் போயிற்று. மூலம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, மன்னியிடம்கூடச் சொல்லவில்லை. "சைவ சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு என்ன வரப்போகிறது?" என்பார். தெரிய வந்தபோது பெருங்குடல் புற்றுநோய் கல்லீரல்வரை பரவிவிட்டது. பாண்டுப்பிலிருந்து பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்கு அவரோடு லோக்கல் ரயிலில் போய்வந்த நாட்களை மறக்க முடியாது. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

உடன்பிறந்தவருக்கு வந்தால் நமக்கும் அபாயம் அதிகம் என்றார் டாக்டர். சென்ற வருஷம் கொலனாஸ்கோபி செய்துகொண்டேன். முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஏகாதசி இருந்து பழகிய நமக்குப் பட்டினி பெரிதல்ல. பால் விடாத காபிதான் கஷ்டம்!

அங்கே செயற்கை நுண்ணறிவுக் கருவியும் இருந்தது. கேமரா காட்டும் படத்தை டாக்டரோடு கம்ப்யூட்டரும் பார்க்கிறது. பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி தென்பட்டால் திரையில் உடனே கட்டமிட்டுக் காட்டுகிறது. எனக்குத் துவரம்பருப்பு அளவில் ஒன்று அகப்பட்டது. அப்போதே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் பல வருஷங்களில் அப்படி மாறக்கூடிய வகை.

இத்தாலி, பிரிட்டன், அமெரிக்காவில் நடந்து 2022ல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு முறை சோதனை செய்தார்கள். முதலில் டாக்டர் மட்டும் பார்த்தபோது 32.4 சதவிகித வளர்ச்சிகள் கண்ணுக்குத் தப்பின. கருவியும் சேர்ந்து பார்த்தபோது தப்பியவை 15.5 சதவிகிதமே.

அதற்காகக் கருவியே போதும் என்றில்லை. 2025ல் வெளியான போலந்து ஆய்வில், கருவிக்குப் பழகிய டாக்டர்கள் அது இல்லாமல் செய்த சோதனைகளில், வளர்ச்சி கண்டுபிடிக்கப்பட்டவை 28.4 சதவிகிதத்திலிருந்து 22.4 ஆகக் குறைந்தன. டாக்டரின் கண்ணும் கூர்மையாக இருக்க வேண்டும். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

நம் தேசியத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே பரிசோதனை உண்டு. பெருங்குடலை நாமேதான் கவனிக்க வேண்டும். ரத்தம் போனாலோ, குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தாலோ, தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். அண்ணா வெட்கப்படாமல் சொல்லியிருந்தால் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.