உழைக்கும் பெண்ணும் குற்ற உணர்ச்சியும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் நாட்டுப் பெண்கள் 1931 ஆம் ஆண்டில் வாக்குரிமை பெற்றார்கள். 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரை இந்நாடு கண்டது. இவை பெருமைக்குரியவையே. ஆயினும் பெண்ணின் சமத்துவத்தைப் பதவியைக் கொண்டு மாத்திரம் அளத்தல் போதாது. அன்றாடம் உழைப்பவளின் நிலையையும் நோக்குதல் வேண்டும்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984 ஆம் ஆண்டிலேதான். சம்பளம் சமமாயிற்று, சுமை சமமாயிற்றா? விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கொழுந்து பறிக்கச் செல்கிறாள் தாய். மாலையில் வந்து மீண்டும் அடுப்பை மூட்டுகிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், "நான் கவனிக்கவில்லையே" என்று நெஞ்சம் நோகிறவளும் அவளே. தகப்பனும் அன்று வேலைக்குச் சென்றவர்தான். அவரை எவரும் குறை கூறார். அவரும் தம்மை நொந்துகொள்ளார்.

படித்த பெண்ணுக்கு மாத்திரம் விமோசனம் உண்டா? பிள்ளைக்காக லீவு கேட்டால், கந்தோரிற் பொறுப்பற்றவள் என்பார்கள். கேளாவிட்டால், அயலார் பாசமற்றவள் என்பார்கள். பதவி உயர்வு வரும்போது, "அவளுக்குக் குடும்பம் இருக்கிறதே" என்று தயங்குகிறார்கள். ஆணுக்கோ அதே குடும்பம் ஒரு தகுதியாகிறது! சட்டமும் பாரபட்சங் காட்டியதுண்டு. தனியார் துறையில், முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாட்களாயிருந்த பிரசவ லீவு, மூன்றாம் பிள்ளைக்கு 42 நாட்களாகக் குறைந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனைச் சமமாக்கியது.

தாய் வேலைக்குப் போனாற் குடும்பம் குலையும் என்று பெரியோர் சிலர் அஞ்சலாம். நூறாண்டுக்கு மேலாகத் தோட்டத்துத் தாய்மார் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பறித்த கொழுந்தால் நாடு செல்வம் ஈட்டியபோது இந்த அச்சம் எங்கே போயிற்று?

தாயன்பு வேறு; குற்ற உணர்ச்சி வேறு. முன்னது இயற்கை தந்தது. பின்னது, இருவர் சுமக்கவேண்டிய கடமையை ஒருத்தியின் தலையில் ஏற்றியதனால் வந்தது. சட்டம் சம்பளத்தைச் சமமாக்கலாம், லீவைச் சமமாக்கலாம். வீட்டுக் கடமையைச் சமமாக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அது நம் கையில் இருக்கிறது.

இளைஞர்களே! பெண்ணுரிமை பற்றி மேடையிற் பேசுதல் எளிது. நோயுற்ற பிள்ளையின் அருகில் இரவு விழித்திருந்து, காலையிற் பாத்திரமும் கழுவி வைக்கின்ற கணவனே உண்மையில் அவ்வுரிமைக்கு உழைப்பவன். அப்படிப்பட்டவர்களாக நாம் விளங்குவோமாக.