வாங்கும் முன் உட்கார்ந்து பாருங்கள்



சந்தையில் மாடு பிடிக்கப் போனால் என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் மட்டும் நிறத்தைப் பார்த்துவிட்டு முன்பணத்தைக் கட்டிவிடுகிறோம். அப்புறம் தவணை முடிகிற வரைக்கும் இடுப்பு வலியோடு ஓட்ட வேண்டியதுதான். "பையன் ஆசைப்பட்டான், வாங்கினேன்" என்பார்கள். சரிதான், ஆனா விடியற்காலையில் பால் சொசைட்டிக்கு ஓட்டிக்கிட்டுப் போறது யாரு? அப்பாதானே!

வண்டியில் உட்காரும் விதம் மூன்று.

முதலாவது, நிமிர்ந்து உட்காருவது. 100, 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். கால் மிதி உடம்புக்குக் கீழேயே இருக்கும். பள்ளம் வந்தால் மிதியை ஊன்றி லேசாக எழும்பிக் கொள்ளலாம். குலுக்கலை முழங்கால் வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பும்.

இரண்டாவது, குனிந்து ஓட்டுவது. கைப்பிடி தாழ்வாகவும், மிதி பின்னால் தள்ளியும் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கும். வண்டிப்பாதையில் மெதுவாகப் போனால் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். கழுத்தும் வலிக்கும்.

மூன்றாவது, காலை முன்னால் நீட்டிச் சாய்ந்து உட்காருவது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் பள்ளத்தில் எழும்ப முடியாது. அடி நேரே முதுகெலும்புக்குப் போகும்.

இவை தவிர மொபெட் இருக்கிறது. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ஐ உங்களில் பலர் ஓட்டியிருப்பீர்கள். இன்றைய எக்ஸ்.எல். 100-லும் முன்னால் காலடியில் மூட்டை வைக்கலாம். பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது.

எடையையும் கேளுங்கள். எக்ஸ்.எல். 100 சுமார் 90 கிலோ. 100 சி.சி. வண்டி சுமார் 110 கிலோ. புல்லட் 350 ஏறக்குறைய 195 கிலோ. சேற்று வரப்பில் சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா? அதை யோசிச்சுப் பாருங்க.

40 லிட்டர் பால் மட்டுமே சுமார் 41 கிலோ. அதைப் பின்னால் உயரமாகக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி, கைப்பிடி சொன்னபடி கேட்காது. இரண்டு கேனாகப் பிரித்து, இருபக்கமும் சமமாக, தாழ்வாகக் கட்டுங்கள்.

கடையில் இவ்வளவும் செய்து பாருங்கள். நீங்கள் தினமும் போடுகிற செருப்போடு ஏறி உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். நடு ஸ்டாண்டு இருந்தால் நீங்களே போட்டு எடுங்கள். வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். வீட்டம்மாவையும் கூட்டிப்போய்ப் பின்னால் உட்கார வையுங்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

கடைசியாக ஒன்று. "மொபெட்தானே, பள்ளிக்கூடத்துப் பையன் ஓட்டட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். 50 சி.சி.க்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். எக்ஸ்.எல். 100-க்கும் அப்படியே. 2019-ல் திருத்திய சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். பணம் போனால் அடுத்த போகத்தில் சம்பாதிக்கலாம். பிள்ளை போனால்?

ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று பின்னால் உட்காருகிறவருக்கு. மாட்டுக்கு ஏற்ற நுகத்தடியைப் பார்த்துப் பூட்டுகிற நாம், நம் உடம்புக்கு ஏற்ற வண்டியையும் பார்த்து வாங்குவோம்.