வளரிளம் பிராயத்தாரும் மூளைக்காய்ச்சலும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் செவிக்கு இனியதன்று. எனினும், பிள்ளைகளைப் பெற்று வளர்ப்போர் ஒரு முறையேனும் கேட்டிருக்க வேண்டுவது. கைக்குழந்தைக்கு ஜுரம் கண்டால் வீடு முழுவதும் விழித்திருக்கின்றது. அதே பிள்ளை பதினாறு வயதடைந்து, "தலை வலிக்கின்றது" என்று சொல்லிப் படுத்தால், "தூங்கி எழுந்தால் சரியாய்ப் போகும்" என்று அறைக்கதவைச் சாத்திவிடுகின்றோம். அக்கதவைச் சாத்தும் வழக்கத்தைக் குறித்தே யான் பேசப் புகுந்தேன்.

நமது மூளையையும் முதுகந்தண்டினுள் ஓடும் நரம்பு வடத்தையும் மூன்று சவ்வுகள் போர்த்திருக்கின்றன. கிருமிகள் அவ்விடம் புகுந்து அச்சவ்வுகளை அழற்சியுறச் செய்தலே யான் கூறவந்த நோய். ஜனங்கள் இதனை மூளைக்காய்ச்சல் என்பர். கொசுக்கடியால் மூளையே வீங்கும் வேறொரு நோயையும் அப்பெயராலேயே வழங்குவதால் குழப்பம் நேர்கின்றது. வைரஸ் கிருமிகளால் வருவது பெரும்பாலும் தானே தணியும். பாக்டீரியாக் கிருமிகளால் வருவதோ உயிருக்கு உலை வைப்பது. அதனால் தாக்குண்டோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் இறக்கின்றனர் என்றும், ஐவருக்கு ஒருவர் கடுமையான ஊனங்களுக்கு ஆளாகின்றனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

அவற்றுள் இளைஞரை விசேஷமாய் நாடுவது மெனிஞ்சோகாக்கஸ் என்னும் கிருமி. இந்நோய் பரவிய வரலாற்றை 1805-ம் வருஷத்தில் ஜினீவா நகரத்து வியூசோ என்ற வைத்தியர் முதன்முதல் எழுதிவைத்தார். கிருமியை 1887-ல் வியன்னாவில் வைக்ஸெல்பாம் என்பவர் பிரித்துக் காட்டினார். நம் நாட்டிலும் டில்லி மாநகரில் 1966, 1985, 2005-ம் வருஷங்களில் இது கொள்ளைநோயாய்ப் பரவியதுண்டு. இக்கிருமி நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் தொண்டையிலே ஒரு தீங்கும் செய்யாமல் குடியிருக்கின்றது. வளரிளம் பிராயத்தாரிடத்து அத்தொகை இன்னும் மிகுதி. ஒரே அறையில் நெருங்கிப் படுத்தலும், ஒருவர் வாய்வைத்த பாட்டிலில் மற்றவர் பருகுதலும் அதற்கு வழியாகின்றன. எவனோ ஒருவனிடத்தில் மட்டும் அது இரத்தத்தில் ஏறிவிடுகின்றது.

ஏறிய பின் நடப்பது நாட்கணக்கன்று, மணிக்கணக்கு. இதனைத் தாய்மார்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்நோயுற்ற பதினாறு வயதுக்குட்பட்ட 448 பேரின் வரலாற்றை ஆராய்ந்து, 2006-ம் வருஷத்தில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை சாதாரண ஜுரத்திற்கும் இதற்கும் வேற்றுமை தெரியவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் பிள்ளை மரணத்தின் வாயிலில் நிற்கக்கூடும். கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் காணக் கண் கூசுதல், தோலிற் புள்ளிகள் என்று நாம் கேள்வியுற்ற குறிகள் யாவும் பதின்மூன்று மணிக்குப் பின்னரே பெரும்பாலும் தோன்றின. ஆனால் எட்டு மணி அளவிலேயே வேறு மூன்று குறிகள் காணப்பட்டன. கால்களில் கடுமையான நோவு, உடல் கொதிக்கையில் கையும் காலும் சில்லிட்டிருத்தல், மேனியின் நிறம் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ மாறுதல் என்பனவே அவை. நம் வீடுகளில் கால் சில்லிட்டால் குளிர்ஜுரம் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திவிடுவோம். கால் நோவென்றால் பந்தாட்டத்தின் மேல் பழியைப் போடுவோம்.

தோலிற் புள்ளிகள் கண்டால் தெளிவான கண்ணாடித் தம்ளரை அவற்றின்மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் மறையாத செம்புள்ளியோ ஊதாத் திட்டோ ஆயின் ஒரு கணமும் தாமதித்தலாகாது. நம்மவர் மேனி கருநிறமாதலின், உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், மேல்வாய் ஆகிய இடங்களிலும் பார்க்க வேண்டும். டெங்குவிலும் இத்தகைய புள்ளிகள் வருமே எனலாம். வரும். அதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்க நிலையன்று. புள்ளி இல்லாமலே இறந்தோரும் உண்டாதலின், புள்ளி வரட்டும் என்று காத்திருத்தலும் பிழை.

பிள்ளை பிதற்றுதல், ஆளை மாறியறிதல், காரணமின்றிச் சீறுதல் ஆகியவற்றைக் குறித்து ஒரு வார்த்தை. பரீட்சைப் பயம் என்றும், தீய சகவாசத்தால் குடித்திருக்கிறான் என்றும், பெண்பிள்ளையாயின் காற்றுச் சேட்டை என்றும் சொல்லுவார் இன்றும் நம்மிடையே உளர். வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுவதை யான் குறைகூற வரவில்லை. வைத்தியசாலைக்குப் போகும் வண்டியில் அமர்ந்தபடியே திருநீறு பூசலாம். 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வண்டி வீட்டு வாயிலுக்கு வருகின்றது.

இனி, மெதுவாய் வரும் வகையும் ஒன்றுண்டு. அது க்ஷயரோகக் கிருமியால் நேர்வது. நம் தேசத்தில் இதனை மறத்தல் கூடாது. இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு இளஞ்ஜுரம், ஓயாத தலைவலி, வாந்தி, உடல் மெலிவு, படிப்பில் நாட்டமின்மை என்று தொடங்கிப் பின்னர் மயக்கத்திற் கொண்டுவிடும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி சிறு குழந்தைகளை இதினின்று காப்பது மெய்யே. பதினைந்து வயதிலும் அக்காவல் குன்றாதிருக்குமென்று நம்பியிருத்தலாகாது.

வைத்தியசாலையை அடைந்த பின்னும் ஒரு தடை நேர்கின்றது. முதுகில் ஊசியிட்டு நீரெடுத்துச் சோதிக்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னவுடன், "இடுப்பு விழுந்துவிடும், கால் விளங்காது" என்று உறவினர் கூடிநின்று மறுக்கின்றனர். நரம்பு வடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றது. ஊசி அதற்கும் கீழே, நீர் மட்டும் நிறைந்த இடத்திற் செல்லுகின்றது. 1891-ல் க்விங்கே என்ற ஜெர்மானிய வைத்தியர் வகுத்த முறை இது. சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி உண்டாகலாம். எக்கிருமி என்று அறிந்தாலன்றோ எம்மருந்து எத்துணை நாள் என்று துணிய இயலும்? க்ஷயமாயின் ஓராண்டளவும் மருந்துண்ண வேண்டும். மற்றையதாயின் சில நாள் ஊசிமருந்தே போதும். மாமன் ஊரிலிருந்து வந்து சம்மதிக்கட்டும் என்று இதை நிறுத்திவைப்பதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

தடுப்பூசியைப் பற்றிச் சுருங்கச் சொல்லுகின்றேன். நம் அரசாங்கத்தார் குழந்தைகட்கு இலவசமாய்ப் போடும் வரிசையில் ஹிப், நியூமோகாக்கஸ் என்னும் கிருமிகளுக்கான ஊசிகள் உண்டு. மெனிஞ்சோகாக்கஸுக்கு இல்லை. அதைப் பொருள் கொடுத்தே பெற வேண்டும். பிரிட்டனில் 2015 முதல் பதினான்கு வயது அளவில் பள்ளியிலேயே அதனைப் போடுகின்றனர். அந்நாட்டிற்கும் அமெரிக்காவிற்கும் மேற்படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவோர், விமானச் சீட்டு வாங்கும்போதே இதனையும் விசாரித்தல் வேண்டும். பி என்னும் பிரிவிற்கு ஊசி வேறு.

பிழைத்துவந்த பிள்ளைக்குச் செவிப்புலனை ஒரு மாதத்திற்குள் சோதிப்பித்தல் அவசியம். உட்செவியில் எலும்பு படிந்துவிட்டால் பின்னர்ச் செய்யும் சிகிச்சை கடினமாகின்றது. வகுப்பில் கவனமில்லை என்று அடிவாங்கும் பிள்ளைக்குக் காது கேளாதிருக்கவும் கூடும்.

நிறைவாக, நமது விடுதி. முதல் உலக யுத்தகாலத்தில் இங்கிலாந்தின் படைவீடொன்றில் கிளோவர் என்ற வைத்தியர், கட்டில்கள் நெருங்க நெருங்க இக்கிருமியைத் தாங்குவோர் தொகை ஏறுவதையும், இரண்டரை அடி இடைவெளி விட்டபோது அது இறங்குவதையும் கண்டார். நம் விடுதியில் இடைவெளி ஒரு சாண். இடமில்லை, மனுக்களோ மிகுதி என்று நிர்வாகிகள் கூறுவர். அது மெய்யே. விலக்க இயலாவிடில், ஒருவன் தலைமாட்டுக்கு எதிரே அடுத்தவன் கால்மாடு வரும்படி மாற்றிப் போடச் செலவொன்றுமில்லை. ஜுரமுற்ற மாணவனை இரவில் தனியே விடாது, தோழன் ஒருவன் அவ்வப்போது எழுப்பிப் பேசிப் பார்க்க வேண்டும். பெற்றோரின் உத்தரவு தொலைபேசியில் வரும்வரை காவாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வார்டனுக்கு அதிகாரம் வேண்டும். நோய் இன்னதென்று உறுதியானால், அறைத்தோழர் அனைவர்க்கும் தடுப்பு மருந்தை ஒரு நாளைக்குள் கொடுப்பித்தல் வேண்டும். இந்நான்கையும் எழுத்து மூலமாய்க் காரியதரிசியிடம் கொடுத்திருக்கின்றேன். அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் அவை ஆலோசனைக்கு வரும். பெற்றோர்களும் அன்று வந்திருந்து தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகின்றேன்.