மருத்துவர் உள்ளமும் நம் இல்லமும்



"எங்கள் வீட்டில் ஒரு டாக்டர் இருக்கிறார்" என்று சொல்லிக்கொள்வதில் தாராவித் தமிழருக்கும் மாதுங்காத் தமிழருக்கும் செம்பூர்த் தமிழருக்கும் உள்ள பெருமிதம் ஒன்றே. அந்த டாக்டர் எப்படி உறங்குகிறார், எதை எண்ணிக் கலங்குகிறார் என்று நாம் கேட்பதுதான் அரிது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வட்டாரத்துத் தனியார் மருத்துவர்கள் மாநகராட்சியோடு இணைந்தனர். உடல் முழுதும் மூடிய பாதுகாப்பு உடையில், கோடை வெப்பத்தில், இருவர் சேர்ந்து நடக்க இயலாத சந்துகளில் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தனர். அருகிலுள்ள சயான் மருத்துவமனையில் இளம் மருத்துவர்கள் இரவு பகலாக உழைத்தனர். நோய் தணிந்தது, தாராவியை உலகம் பாராட்டிற்று. அம்மருத்துவர்களின் நெஞ்சில் தங்கிப்போனதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை.

ஒரு கட்டிலில் குழந்தை இறந்திருக்கும். அடுத்த கட்டிலுக்கு முகமலர்ச்சியோடு செல்ல வேண்டும். நாள்தோறும் இவ்வாறு நேருமாயின் உள்ளம் மரத்துப்போகும், அல்லது உடைந்துபோகும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டா? வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செய்யும் செயலில் நினைவு வழுவாதிருத்தல் என்பது அதன் பொருள். அரசனுக்கு உரைத்ததாயினும் மருத்துவருக்கும் அது பொருந்தும். கை கழுவும் அந்த அரை நிமிடத்தில் தம் மூச்சைக் கவனித்து, முந்திய நோயாளியின் துயரத்தை 'இது துயரம்' என்று அறிந்து, அதன்பின் அடுத்தவரை நோக்குதல், பயிற்சி இவ்வளவே.

இதனை 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்குரிய பயிற்சியாக்கினார். பின்னர் ராச்செஸ்டர் நகரில் 70 மருத்துவர்கள் இத்தகைய பயிற்சி பெற்றனர். அவர்தம் சோர்வு குறைந்து பரிவு கூடிற்று என 2009இல் ஆய்வு வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வாகலின் நாம் அதனை அளவோடு கொள்வோம். நம் நகருக்கும் இது புதிதன்று. பர்மாவிலிருந்து வந்த கோயங்கா 1969இல் இந்தியாவில் தம் முதல் விபாசனை வகுப்பை நடத்தியது இங்கேதான்.

ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். உறைவிட மருத்துவரின் தொடர்பணி வழக்கமாக 12 மணி நேரத்தை மீறலாகாது என்று 1992இலேயே மத்திய அரசு விதி வகுத்தது. முப்பத்தாறு மணி நேரம் நின்று வரும் பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களிடம் "மூச்சைக் கவனி" என்பது, கஞ்சிக்கு வழியில்லாதவனுக்குப் பசியடக்கும் வித்தை சொல்வதாகும். முதலில் உறக்கம், பிறகே பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் இச்சோர்வை நோயென்று கூறவில்லை. பணியிடத்தில் விளையும் நிலை என்றே வகைப்படுத்திற்று.

இல்லத்தில் நாம் செய்யக்கூடியனவும் உள. கல்யாணப் பந்தியிலும் டாக்டரைக் கண்டால் சர்க்கரைச் சீட்டை நீட்டும் வழக்கத்தை விடலாம். பணி முடிந்து வந்தவரைக் கால் மணி நேரம் ஒன்றும் கேளாது விடலாம். "என்னால் முடியவில்லை அம்மா" என்று மகள் சொல்லும்போது, எத்தனை இலட்சம் செலவழித்தோம் என்று கணக்குக் காட்டாதிருக்கலாம். அவளுடன் மனநல மருத்துவரிடம் செல்லலாம். நள்ளிரவாயின் 14416 என்னும் அரசின் தொலைபேசி எண் உண்டு. அதில் தமிழிலும் பேசலாம்.